ஃப்ளோட்பிளேன், ஃப்ளையிங் போட், ஆம்ஃபிபியன்: எல்லாவற்றுக்கும் ‘கடல் விமானம்’ போதாது

அனைவருக்கும் வணக்கம்.

திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய போர் விமானங்களுக்குப் படக்குறிப்பு எழுதும் தம்பி, ‘சீபிளேன், ஃப்ளோட்பிளேன், ஃப்ளையிங் போட், ஆம்ஃபிபியன் நான்கும் ஒரே பக்கத்தில் வருகின்றன, தமிழில் என்ன எழுதுவது’ என்று கேட்டு ஒரு வாரம் ஆகிறது. நான்கும் தண்ணீரில் இறங்கும் விமானங்களின் பெயர்கள்: சீபிளேன் பெரும்பாலும் பொதுப்பெயர், ஃப்ளோட்பிளேன் மிதவைகள் மேல் நிற்பது, ஃப்ளையிங் போட் உடலே படகாக இருப்பது, ஆம்ஃபிபியன் நீரிலும் நிலத்திலும் இறங்குவது. வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலோர் ‘கடல் விமானம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெயர்ச்சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வினைச்சொல்லில் தொடங்குவோம். விமானம் கீழே வந்தால் தமிழில் என்ன சொல்கிறோம்? ‘தரையிறங்கியது’. செய்தித்தாள், தொலைக்காட்சி, பாடப்புத்தகம் எல்லா இடத்திலும் அதுதான், நல்ல சொல்தான். ஆனால் தண்ணீரில் வந்து இறங்கும் விமானத்துக்கு? அங்கே தரை எங்கே இருக்கிறது? போன வருடம் ஒரு சிறு பத்திரிகைக்கு ‘பிலிப்பைன் மார்ஸ்’ விமானத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். 2025 பிப்ரவரியில் அது அரிசோனாவில் லேக் பிளெசன்ட் ஏரியில் இறங்கியது என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தபோது ‘அரிசோனாவில் தரையிறங்கியது’ என்று திருத்தியிருந்தார்கள். திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கைக்குப் பழகிய வினை அது. ஆனால் அந்த ஒரு திருத்தத்தில் கட்டுரையின் உயிரே போய்விட்டது. ஏனென்றால் மார்ஸ் விமானத்தால் தரையிறங்கவே முடியாது. அதற்குச் சக்கரம் கிடையாது. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 61 மீட்டர், நான்கு எஞ்சின், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைத்த பிரம்மாண்டம், அப்புறம் பல பத்தாண்டுகள் கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள ஸ்ப்ரோட் ஏரியில் இருந்துகொண்டு காட்டுத்தீயை அணைத்தது, ஒரு தடவைக்குச் சுமார் 27,000 லிட்டர் தண்ணீர் சுமக்கும். அதைக் காட்சிக்கு வாங்கிய பிமா அருங்காட்சியகம் இருப்பதோ டூசான் நகரத்தில், பாலைவனத்துக்கு நடுவே. சக்கரம் இருந்தால் நேராகப் பக்கத்து ஓடுபாதைக்கே போயிருக்கலாம். இல்லாததால்தான் ஏரி தேடி இறங்கி, அங்கேயே கழற்றி, துண்டு துண்டாகச் சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ‘தரையிறங்கியது’ என்று எழுதிவிட்டால் இவ்வளவும் எதற்கு என்று வாசகருக்குப் புரியாது.

ஆங்கிலத்திலும் இந்தச் சங்கடம் உண்டு, ‘லேண்டிங்’ என்ற சொல்லிலேயே நிலம் இருக்கிறது. மற்ற மொழிக்காரர்கள் எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் நிலத்தில் இறங்கினால் ‘அத்தெரீர்’, நீரில் இறங்கினால் ‘அமெரீர்’. ஜெர்மனில் நீரில் இறங்குவதற்கு ‘வாசர்ன்’ என்று தனி வினை, தண்ணீர் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. ரஷ்யனிலும் அப்படித்தான், நிலத்துக்கு ஒன்று நீருக்கு ஒன்று. தமிழில் நாம் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை: தரையிறங்கு என்பதில் தரையை எடுத்துவிட்டு நீரை வைப்பது. நீரிறங்கு. நீரிறங்கியது, நீரிறங்கும், நீரிறக்கம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், ‘தரையிறங்கியது’ தெரிந்தவருக்கு ‘நீரிறங்கியது’ கேட்ட மாத்திரத்தில் புரியும். இதுதான் என் முதல் பரிந்துரை. இந்த வினை நிலைத்துவிட்டால் பெயர்கள் தானாக வரும்: நான்கையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர் ‘நீரிறங்கி’ என்று வைக்கலாம், நீர்மூழ்கி மாதிரி.

சரி, ‘கடல் விமானம்’ ஏன் கூடாது? ஒன்று, கடல் கட்டாயம் இல்லை. மார்ஸ் வாழ்ந்ததே ஏரியில். 1912இல் கிளென் கர்டிஸ் தன் படகு விமானத்தைப் பறக்கவிட்டது கியூகா ஏரியில். 1910 மார்ச் 28 அன்று ஆன்றி ஃபாப்ர் உலகத்திலேயே முதல் முறையாக எஞ்சின் வைத்த விமானத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பியபோதும் அது திறந்த கடல் இல்லை, தெற்குப் பிரான்சில் எத்தாங் தெ பேர் என்ற காயல். இரண்டாவது, இன்னும் முக்கியமானது: போர் விமானங்களைப் பற்றிப் பேசும்போது ‘கடல் விமானம்’ என்றால் கடற்படை விமானம் என்றுதான் மனம் போகும். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதும் கடற்படை விமானம்தான், நிலத்திலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேலே ரோந்து போவதும் கடற்படை விமானம்தான். அவை தண்ணீரைத் தொட்டால் விபத்து. ஒரே காட்சித் திடலில் இவையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பலகையில் ‘கடல் விமானம்’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பது யாருக்குத் தெரியும்?

மூன்றாவது ஒரு பொறி இருக்கிறது, மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ‘சீபிளேன்’ என்ற சொல்லே 1913இல் பிரிட்டனில் வந்தது, அதற்கு முன் ‘ஹைட்ரோ ஏரோபிளேன்’ என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த சர்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் பல காலம் ‘சீபிளேன்’ என்றால் மிதவைகள் மேல் நிற்கும் வகை மட்டும்தான், ‘ஃப்ளையிங் போட்’ தனி. அமெரிக்க வழக்கில் சீபிளேன் இரண்டுக்கும் பொது. ஜப்பானியர்களும் பிரிட்டிஷ்காரர்கள் மாதிரி பிரித்துத்தான் சொல்கிறார்கள், மிதவை வகைக்கு ‘சுய்ஜோகி’, படகு வகைக்கு ‘ஹிகோதெய்’. ஆகவே பழைய பிரிட்டிஷ் நூலில் சீபிளேன் என்று கண்டதும் பொதுச்சொல்லைப் போட்டுவிட்டால் தப்பாகிவிடும். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்காமல் பொருளைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது பொருளைப் பார்ப்போம். தண்ணீரில் நிற்கும்போது எடையைத் தாங்குவது எது? அதைக் கேட்டால் போதும், இரண்டு வகையும் பிரிந்துவிடும்.

ஒரு வகையில் விமானத்தின் உடல் தண்ணீரைத் தொடாது. கீழே ஒன்றோ இரண்டோ மிதவைகள், அவற்றின் மேல் கம்பிகள், அதன் மேல் உடல். ஜெர்மானியர்களின் அராடோ 196 அப்படி, இரண்டு மிதவைகள், போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து கவண் போல வீசி ஏவுவார்கள், திரும்பி வந்து பக்கத்தில் நீரிறங்கும், கப்பலின் கிரேன் தூக்கி எடுத்துக்கொள்ளும். ஜப்பானின் கியோஃபு இன்னொரு விதம், நடுவில் ஒரே ஒரு பெரிய மிதவை, இறக்கைகளுக்கு அடியில் சாயாமல் இருக்க இரண்டு சின்னவை. இந்த வகைக்கு ‘மிதவை விமானம்’ என்று ஒருவர் சொன்னார். அருகில்தான் வருகிறது, ஆனால் சிக்கல் இருக்கிறது. படகு வகை விமானங்களுக்கும் மிதவை உண்டு! அமெரிக்கர்களின் கேட்டலைனா விமானத்தைப் பாருங்கள், அது நிற்பது தன் வயிற்றின் மேல், ஆனாலும் இறக்கை நுனிகளில் மிதவை இருக்கிறது, மேலே எழும்பியதும் மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். மிதவை இருப்பதால் அதை மிதவை விமானம் என்றால் யாரால் மறுக்க முடியும்?

அதனால் மிதவை இருக்கிறதா என்பதைவிட அது காலாக இருக்கிறதா என்பதே கேள்வி. நாற்காலி, முக்காலி என்று எதன்மேல் நிற்கிறதோ அதை வைத்துப் பெயர் சொல்வது நம் வீட்டு வழக்கம். மிதவையைக் காலாகக் கொண்டது ‘மிதவைக்காலி’. ஒற்றை மிதவைக்காலி, இரட்டை மிதவைக்காலி என்று எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபாப்ரின் முதல் விமானத்தை மூன்று மிதவைக்காலி என்று சொல்லிவிடலாம். இன்னொரு வசதி: கியோஃபுவின் காலை எடுத்துவிட்டு, சக்கரம் வைத்துத்தான் பிற்பாடு ‘ஷிதென்’ என்ற தரைச் சண்டை விமானத்தை வளர்த்தெடுத்தார்கள். கால் மாறியது, உடல் வம்சம் ஒன்று. ‘காலி’ என்ற சொல் இந்தக் கதையையும் தாங்குகிறது.

இரண்டாம் வகையில் உடலே படகு. ‘பறக்கும் படகு’ என்று அப்படியே மொழிபெயர்க்கலாம், ரஷ்யர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். குழந்தைக்குக்கூடப் புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சுருக்கி ‘வான்படகு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாயு நிரப்பிய ஏர்ஷிப்புக்கு ‘வான்கப்பல்’ என்ற சொல் நிலைத்துவிட்டது, வான்படகு என்றால் அதன் சிறிய தம்பி என்று எண்ணுவார்கள். என் பரிந்துரை ‘படகுடலி’. படகை உடலாகக் கொண்டது. பறப்பது விமானம்தான், படகு அதன் உடல் மட்டுமே, அந்த முன்பின் வரிசை இந்தச் சொல்லில் சரியாக இருக்கிறது.

இந்தப் ‘படகு’ வெறும் உவமை இல்லை என்பதற்கு ஒரே ஒரு விமானத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். ஜப்பானின் ககோஷிமா மாநிலத்தில் கனோயா என்ற கடற்படை விமானத் தளம், அதன் அருங்காட்சியகத்துக்கு வெளியே, கூரை ஏதுமில்லாமல், கரும்பச்சை வண்ணத்தில் ஒரு கவானிஷி எச்8கே நிற்கிறது. 167 கட்டினார்கள், எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது, டோக்கியோவில் கடல்சார் அருங்காட்சியகத்தின் வெளியே பல வருடம் நின்றுவிட்டு 2004இல் கனோயாவுக்கு வந்தது. அடியில் குனிந்து பார்த்தால் விமானம் என்றே தோன்றாது. கூர்மையான அடிவிளிம்பு, கப்பல் கட்டுகிறவர்கள் ‘ஏரா’ என்று சொல்வார்களே அதே ஏரா. கொஞ்சம் பின்னால் போனால் வயிற்றில் சட்டென்று ஒரு படி, வீட்டுப்படி போல ஒரு வெட்டு. அந்தப் படி இல்லாவிட்டால் தண்ணீர் உடலைப் பிடித்துக்கொள்ளும், வேகமெடுத்தாலும் பிரியாது. படியில் காற்று புகுந்து நீரை விடுவிக்கும், அப்போதுதான் எழும்ப முடியும். முன்பக்கம் அடியில் ஏராவுக்கு இரு பக்கமும் நீளவாக்கில் வரம்பு போல ஓர் அமைப்பு இருக்கிறது, சிதறும் தண்ணீர் எஞ்சின் சுழலிகள் மேல் அடிக்காமல் கீழேயே மடக்கிவிடுவதற்கு. அதற்கு அங்கே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘கட்சுவோபுஷி’, அதாவது நம் மாசிக் கருவாடு போன்ற காய்ந்த மீன்கட்டை. வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்! நூலகத்தில் உட்கார்ந்து வைத்த எந்தக் கலைச்சொல்லும் இவ்வளவு உறுதியாக ஒட்டாது. இதை வடிவமைத்த கிகுஹாரா ஷிசுவோதான் போருக்குப் பிறகு பிஎஸ்-1 என்ற படகு வகை விமானத்தையும் வடிவமைத்தார்.

அந்தப் பிஎஸ்-1தான் நம் நான்காவது சொல்லுக்குச் சரியான எடுத்துக்காட்டு. அதற்குச் சக்கரம் உண்டு. சக்கரம் இருக்கிறதே, ஆம்ஃபிபியன்தானே என்று கேட்கலாம். இல்லை. அந்தச் சக்கரம் தண்ணீரிலிருந்து சரிவுத்தளம் வழியாக ஊர்ந்து கரையேறுவதற்கு மட்டும், ஓடுபாதையில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்காது. அதையே வலுவான சக்கரங்களோடு மாற்றிக் கட்டியபோதுதான் யுஎஸ்-1 வந்தது, அது உண்மையில் இரண்டிலும் இறங்கும். யுஎஸ்-1ஏ ஒன்று ககாமிகஹாரா அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் நிற்கிறது. கேட்டலைனாவிலும் இதே வேறுபாடு: பிபிஒய்-5 நீரில் மட்டும், பிபிஒய்-5ஏ இரண்டிலும். கடைசி எழுத்து ‘ஏ’ ஆம்ஃபிபியனைக் குறிக்கும், ஓர் எழுத்தில் எவ்வளவு விஷயம்!

இதற்கு ‘நீர்நில வானூர்தி’, ‘இருவாழ்வி விமானம்’ என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். தவளைக்கு வைத்த பெயரை விமானத்துக்கு வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம், விமானம் நீரில் வாழவில்லை, இறங்குகிறது. இரண்டிலும் இறங்குவது ‘ஈரிறங்கி’. ஈருருளி என்று மிதிவண்டிக்குச் சொல்வதில்லையா, அதே ‘ஈர்’. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மிதவைக்காலி, படகுடலி என்பவை உடம்பைச் சொல்லும் பெயர்கள். ஈரிறங்கி என்பது திறமையைச் சொல்லும் பெயர். ஆகவே மூன்றையும் ஒரே தட்டில் மூன்று வகையாக வைக்கக் கூடாது. யுஎஸ்-1ஏ ஈரிறங்கு படகுடலி. மிதவைக்குள்ளேயே சக்கரம் வைத்திருந்தால் ஈரிறங்கு மிதவைக்காலி. கரையேறுவதற்கு மட்டும் உள்ள சக்கரத்துக்குக் ‘கரையேற்றுச் சக்கரம்’ என்றே பச்சையாகச் சொல்லிவிடலாம்.

அடங்காத பிள்ளைகள் இரண்டு உண்டு. சான் டியேகோ விமான அருங்காட்சியகத்தின் வாசலில் தூக்கி நிறுத்தியிருக்கும் கான்வேர் சீ டார்ட். ஜெட் சண்டை விமானம், முக்கோண இறக்கை, 1954இல் ஒலியின் வேகத்தைத் தாண்டியது, நீரில் இறங்கும் விமானங்களில் அதைச் செய்தது இது ஒன்றுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வயிறு படகு மாதிரி கூர்ந்து இருக்கும், காற்று இழுக்கும் வாய்கள் இரண்டும் தண்ணீர் தெறிக்காமல் இருக்க முதுகின் மேல் இருக்கும், ஆனால் வேகமெடுக்கும்போது வயிற்றிலிருந்து சறுக்குப்பலகை நீட்டிக்கொண்டு அதன்மேல் எழுந்து ஓடும். நிற்கும்போது படகுடலி, ஓடும்போது பலகைக்காலி. நான் அதைப் ‘சறுக்குப்பலகைப் படகுடலி’ என்று எழுதுவேன், நின்று மிதக்கும்போது எடையைத் தாங்குவது உடல்தானே. நல்லதொரு விமானம், அதே 1954 நவம்பரில் இந்த வகையில் ஒன்று வானிலேயே உடைந்து ஓட்டியவரும் இறந்தார், அதோடு அந்தத் திட்டத்தின் சூடும் ஆறிவிட்டது.

இன்னொன்று லூன், ரஷ்யர்கள் ‘எக்ரானோபிளான்’ என்று சொல்லும் வகை. 1987இல் சோவியத் கடற்படைக்கு வந்தது, சுமார் 74 மீட்டர் நீளம், மூக்குக்குப் பின்னால் எட்டு ஜெட் எஞ்சின், முதுகில் ஆறு ஏவுகணைக் குழாய்கள். காஸ்பியன் கடலோரம் காஸ்பீஸ்க் துறையில் பல வருடம் கிடந்துவிட்டு 2020 ஜூலையில் காட்சிக்கு வைப்பதற்காகத் தெர்பெந்துக்கு இழுத்துப் போனார்கள், அங்கே கரையோர மணலில் பல மாதம் அலையடித்துக்கொண்டு கிடந்தது, அந்தப் படங்களைப் பார்த்த எல்லோரும் கேட்டது ‘இது கப்பலா விமானமா’ என்றுதான். நீர்ப்பரப்புக்கும் இறக்கைக்கும் நடுவில் அழுந்தும் காற்றின் மேல் சில மீட்டர் உயரத்திலேயே பறப்பது அது. நம் சொற்கள் எதிலும் அது அடங்காது, அடக்கவும் கூடாது. தனியாக வைத்துக்கொள்வோம்.

திறந்தவெளிக் காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை, தம்பி எழுதுவது அதைப் பற்றித்தானே. இந்த விமானங்கள் மட்டும் ஏன் வெயிலில் நிற்கின்றன என்று படக்குறிப்பில் சொல்ல வேண்டும். பெரியவை, கூரைக்குள் அடங்குவதில்லை, அதுதான் முதல் காரணம். பிரிட்டனின் படகு வகை விமானமான சண்டர்லேண்ட் ஒன்று வேல்ஸில் பெம்புரோக் டாக்கில் பத்து வருடம் வெளியே நின்ற பிறகு 1971இல்தான் லண்டனில் உள்ள ஹென்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சிய ஜப்பானின் சேய்ரான், அதுவும் மிதவைக்காலிதான், நீர்மூழ்கிக் கப்பலில் மடித்து வைத்துக் கொண்டுபோவதற்காகச் செய்தது, 1962 வரை கலிபோர்னியாவின் அலமீடா கடற்படைத் தளத்தில் வெட்டவெளியில் நின்றது. கியோஃபு ஒன்றும் அராடோ ஒன்றும் பென்சில்வேனியாவில் வில்லோ குரோவ் தளத்து வேலிக்குள் பல்லாண்டு வெயில் தின்றன. இவற்றுக்கு மழை தனிப் பகை. தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய உடல், உள்ளே புகுந்த மழைநீரை வெளியே விடாது. தையல்களில் ஏற்கெனவே உப்பு தங்கியிருக்கும், அலுமினியத் தகட்டில் எஃகு ஆணி சேரும் இடத்தில் ஈரமும் உப்பும் கூடினால் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால்தான் அடியில் வடிகால் அடைப்புகளைத் திறந்தே வைத்திருப்பார்கள். படக்குறிப்பில் ‘அடியில் உள்ள துளைகள்’ என்று எழுதாமல் ‘வடிதுளைகள்’ என்று எழுதுங்கள், குண்டு பட்ட துளை என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

* * *

மீண்டும் வணக்கம். இரண்டு நாளில் இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

இலக்கணம் சொன்ன ஐயாவுக்கு நன்றி, நான் கவனிக்கத் தவறியதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ‘நீரிறங்கி’ என்று பெயர் வைத்தால் அது வினையெச்சமாகவும் படிக்கப்படும், ‘விமானம் நீரிறங்கி நின்றது’ என்றால் பெயரா வினையா தெரியாது. நீர்மூழ்கிக்கும் அந்தச் சிக்கல் உண்டே என்று முதலில் வாதாட நினைத்தேன். ஆனால் நீங்கள் சொன்ன அடுத்த காரணம் என்னை நிறுத்திவிட்டது. தரை இறங்காது, அதனால் ‘தரையிறங்கி’ என்பதில் குழப்பம் இல்லை. நீரோ தானே இறங்கும். காலில் நீர் இறங்கியது, கிணற்றில் நீர் இறங்கியது என்று தினமும் சொல்கிறோம். தனிப் பெயராக நின்றால் அந்தப் பொருள் முன்னால் வந்து நிற்கும். ஏற்றுக்கொள்கிறேன்.

அதற்கு மாற்றாக நீங்கள் தந்த ‘நீரமர்’ அழகான சொல். பறவை கிளையில் வந்து அமர்ந்தது என்பது போல விமானம் நீரில் அமர்ந்தது. இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். ஆனாலும் எனக்குத் ‘தரையிறங்கு’ என்பதோடு கைகோத்து நிற்கும் வினைதான் வேண்டும். ‘தரையிறங்க முடியாத விமானம் ஏரியில் நீரிறங்கியது’ என்று எழுதும்போது இரண்டு சொல்லும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன, ‘நீரமர்ந்தது’ என்றால் அந்த எதிர்நிலை கேட்கவில்லை. எழுவாய் விமானமாக இருக்கும் வாக்கியத்தில் குழப்பமும் வராது. ஆகவே வினை ‘நீரிறங்கு’ அப்படியே இருக்கட்டும், பெயருக்கு மட்டும் வினைத்தொகையாக ‘நீரிறங்கு விமானம்’ என்று வைத்துக்கொள்வோம். ஈரிறங்கியும் அதே போல ‘ஈரிறங்கு விமானம்’.

‘மிதவைக்காலி’யைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுதியது. பலகையில் இடம் போதாமல் சொல்லைப் பிரித்து இரண்டு வரியில் எழுதினால், இரண்டாவது வரியில் ‘காலி’ தனியாக நிற்கும், ஒன்றும் இல்லை என்ற பொருள்தான் கண்ணில் படும். நீங்கள் பலகை எழுதிப் பழகியவர், உங்கள் கண்ணை நம்புகிறேன். ‘மிதவைக்கால் விமானம்’ என்று வைத்தால் பிரித்தாலும் கெடாது. அதே அச்சில் ‘படகுடல் விமானம்’. விமானமா வானூர்தியா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், மிதவைக்கால் வானூர்தி என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், முன்பாதிதான் நமக்கு முக்கியம்.

‘பறக்கும் படகு’ எல்லோருக்கும் தெரிந்த சொல், அதை ஏன் கொல்கிறீர்கள் என்று வருத்தப்பட்ட நண்பருக்கு: கொல்லவில்லை. கதையில், தலைப்பில், சிறுவர் நூலில் அதுவே இருக்கட்டும். வகைப்படுத்தும் இடத்தில், ‘மிதவைக்கால்’ என்பதோடு ஜோடியாக வரும் இடத்தில், ‘படகுடல்’ என்று எழுதுங்கள். இன்னொன்று, ‘பறக்கும் படகு பறக்கவில்லை’ என்று காட்சியில் நிற்கும் விமானத்தைப் பற்றி எழுத நேர்கிறது, ‘படகுடல் விமானம்’ நின்றாலும் படகுடல்தான்.

தம்பி, உங்கள் குறிப்புகளை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். ‘கவானிஷி எச்8கே, நான்கு எஞ்சின் படகுடல் விமானம். கட்டிய 167இல் எஞ்சியது இது ஒன்றே. வயிற்றின் படியையும் முன்னடியின் நீர்மடக்கு வரம்புகளையும் கவனிக்கவும்.’ அடுத்தது, ‘யுஎஸ்-1ஏ, ஈரிறங்கு படகுடல் விமானம். இதற்கு முந்தைய பிஎஸ்-1 விமானத்தின் சக்கரங்கள் கரையேற மட்டும் உதவின, இதன் சக்கரங்கள் ஓடுபாதையிலும் இறங்கும்.’ மார்ஸுக்கு, ‘படகுடல் விமானம், சக்கரம் இல்லை. லேக் பிளெசன்ட் ஏரியில் நீரிறங்கி, கழற்றி, சாலை வழியாகக் கொண்டுவரப்பட்டது.’ ஆமாம், இந்தக் கடைசி வாக்கியத்தில் ‘நீரிறங்கி’ எச்சமாகத்தான் வருகிறது, பெயராக இல்லாததால் இடறவில்லை, உரக்கப் படித்துப் பாருங்கள்.

அந்த வயிற்றுப் படிக்கு மட்டும் நல்ல சொல் இன்னும் வரவில்லை. ‘படி’ என்று மட்டும் சொன்னால் ஏறும் படி என்று நினைக்கலாம், ‘நீர்விடு படி’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், வள்ளம் கட்டுகிற ஊர்களில் இதுபோன்ற வெட்டுக்கு ஏதாவது வழக்குச்சொல் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். லூனுக்கு ‘பரப்பொட்டிக் கலம்’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார், நீர்ப்பரப்பை ஒட்டியே போவதாலும் கப்பல் பக்கம் சாய்வதாலும் ‘கலம்’ பொருத்தமாகத்தான் தெரிகிறது, ஆனால் அதற்கு ஓர் இழை தனியாகத் தொடங்குவோம். அதுவரை தம்பி ‘எக்ரானோபிளான்’ என்றே எழுதட்டும்.